நாற்பது எங்கிருந்து தொடங்குகிறது

பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்று, அந்த உறையைத் துணி வெட்டும் கத்திரியால் கிழித்தேன். காகிதத்தில் வைத்தால் கத்திரி மொக்கையாகிவிடும் என்று இதே கத்திரிக்காக வீட்டுக்கு வருகிற போகிற எல்லாரையும் அதட்டுகிறவள் நான். கோட்டைமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இருபத்தெட்டு வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். அன்றைக்கு இருந்த அவசரத்தில் கைக்கு எது அகப்பட்டதோ அதை எடுத்துவிட்டேன்.

என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அப்போது நான் போனில்தான் இருந்தேன். அவள் அந்தப் பக்கம் அழ, நான் இந்தப் பக்கம் “வெந்நீர் குடி கண்ணு, வெந்நீர் குடி” என்று உளறிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும். இந்த முறை வலி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பேன், நாற்பது முடியும்வரை கூடவே இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் அந்த விசா.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தாளில் எல்லாமே ஜெர்மன் மொழி. எண்கள் மட்டும்தான் எங்களுக்குப் புரிந்தன. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று இரண்டு தேதிகள் இருந்தன. என் வீட்டுக்காரர் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சிறிய எழுத்துகளைப் படித்துப் பழகிய கண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு தேதிக்கும் நடுவில் விரல்விட்டு எண்ணினார். ஐம்பத்தைந்து நாள் வந்தது. டாக்டர் குறித்துக் கொடுத்த நாள், அந்த முதல் தேதியிலிருந்து பதின்மூன்றாவது நாள். பிள்ளை அன்றைக்கே பிறந்தால், நாற்பது முடிவது ஐம்பத்திரண்டாம் நாள். அதற்குமேல் மூன்று நாள் மிச்சமும் இருந்தது.

“அல்லா அளந்து குடுத்தாப்ல இருக்குது பாரு,” என்றார்.

தாளின் நடுவில், வாயில் நுழையாத ஒரு நீளமான சொல்லுக்குக் கீழே, நாற்பது என்று ஓர் எண் தனியாக நின்றது. “இது என்னங்க நாப்பது?” என்று கேட்டேன்.

“உன்ற வயசப் போட்டிருப்பான். போட்டோவப் பாத்து ஏமாந்துட்டான்.”

எனக்கு ஐம்பத்து நான்கு. சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சிரிப்பு நான்கு நாள் தாங்கியது.

நாற்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கணக்கு. அந்த நாற்பதுக்குள் அவளும் பிள்ளையும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். தொழுகை கிடையாது, அடுப்படி வேலை கிடையாது, பத்தியச் சாப்பாடு. நாற்பதாம் நாள் தலைமுழுகித் தொழுதுவிட்டால் பழையபடி ஆகிவிடுவாள். “எத்தனை நாள் ஆச்சு” என்று யாரும் கேட்பதில்லை, “நாப்பது முடிஞ்சுதா” என்றுதான் கேட்பார்கள். நாற்பது எங்கிருந்து தொடங்குகிறது என்று எங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை அழுத நேரத்திலிருந்து அது ஓட ஆரம்பிக்கும்.

நான்காம் நாள் டிக்கெட் எடுக்க காந்திபுரம் போனோம். அந்த டிராவல்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். போக ஒரு தேதி, திரும்ப ஒரு தேதி என்று என் வீட்டுக்காரர் சீட்டில் எழுதி நீட்டினார். அவள் சீட்டைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பினாள்.

“அம்மா, இது அம்பத்தஞ்சு நாள் இல்லீங்க. நாப்பதுதானுங்க.”

“வரைக்கும்னு தேதி போட்டிருக்குதுல்ல கண்ணு?”

“அது வேறீங்கம்மா. கெளம்பறது முன்னப் பின்ன ஆனா இருக்கட்டும்னு பதினஞ்சு நாள் சேத்திக் குடுத்திருக்காங்க. இந்த அம்பத்தஞ்சுக்குள்ள நீங்க எப்ப வேணா உள்ள போலாம். ஆனா உள்ள போயி இருக்கறது நாப்பது நாளுதான். அந்தக் கடைசித் தேதியையும் தாண்டக் கூடாது, நாப்பதையும் தாண்டக் கூடாது. ரெண்டுல எது முன்னாடி வருதோ அன்னிக்குள்ள வெளிய வந்துரோணுமுங்க.” அந்த நீளமான சொல்லின்மேல் பேனா முனையை வைத்தாள். “தங்கற நாளுன்னு போட்டிருக்குதுங்க.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த எண்ணைப் பார்த்தேன். நான்கு நாள் முன்பு என் வயது என்று சொல்லிச் சிரித்த எண்.

“ஒரு நாலஞ்சு நாள் கூடப் போயிட்டா என்ன பண்ணுவாங்கம்மா?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு நாள்கூட வேண்டாமுங்க. வெளிய வர்றப்ப முத்திரைத் தேதியப் பாத்து எண்ணுவாங்க. அபராதம் அது இதுன்னு போகும், அடுத்த வாட்டி நீங்க விசா கேட்டா மொதல்ல இதத்தான் எடுத்து வெப்பாங்க. பேரனோ பேத்தியோ, பொறக்கற கொழந்தைய மறுபடி பாக்க வேண்டாமுங்களா?”

நீட்டிக்க முடியாதா என்று கேட்டேன். படுத்த படுக்கையாகிவிட்டால், விமானமே ஓடவில்லை என்றால், அந்த மாதிரிக் காரணங்களுக்குத்தான் கொடுப்பார்கள், அதை நம்பி இங்கிருந்து கிளம்பாதீர்கள் என்றாள். இதை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பம் போடலாம். ஆனால் சென்னையில் நாள் கிடைப்பதற்கே எத்தனை வாரம் ஆகுமோ என்றாள். பிறகு, அவள் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நான் இன்றுவரை நினைக்கிற ஒன்றைக் கேட்டாள்.

“நூத்தி எம்பது நாளுக்குள்ள தொண்ணூறு வரைக்கும் கேக்கலாமுங்க. நீங்க ஏனுங்க நாப்பதுன்னு போட்டீங்க?”

பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன். டிக்கெட் எடுக்காமலே திரும்பினோம்.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. விண்ணப்பத்தை அங்கிருந்தபடியே மகள்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பாள், நான் தைத்துக்கொண்டே பதில் சொல்வேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஒரு கேள்வி. மிஷினைக்கூட நிறுத்தாமல் “நாப்பதுதான், வேறென்ன” என்றேன். அவளும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. நாற்பது என்றதும், பிள்ளை பிறந்த பிறகு நாற்பது என்றுதான் அவளுக்கும் காதில் விழுந்திருக்கிறது. வரும் தேதி என்ற இடத்தில், டாக்டர் சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு தேதியைப் போட்டாள். திரும்பும் தேதியை அந்தக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொண்டதாம். படித்த பெண் அவள், மென்பொருள் எழுதுகிறவள். நானோ அளவு எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாற்பதில் கவிழ்ந்தோம்.

வேறு எந்த வீட்டிலாவது இந்தத் தப்பு நடந்திருக்குமா என்று யோசித்தேன். ஒரு மாதம் என்றோ மூன்று மாதம் என்றோ சொல்லியிருப்பார்கள். எங்களுக்குத்தான் வாயைத் திறந்தால் நாற்பது. நான் ஜாக்கெட் தைத்தால் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். பெண் உடம்பு, நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்க வேண்டிவரும். அப்படிப்பட்டவள் என் சொந்த மகளுக்கு ஒரு நூல் இழைகூட விடாமல் வெட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த பத்து நாட்கள் நான் மனுஷியாகவே இல்லை. டேப்பை எடுத்து நாற்பது அங்குலத்தில் மடிப்பேன். பன்னிரண்டு நாள் முன்னால் போனால் பன்னிரண்டில் ஒரு மடிப்பு. பிள்ளைக்கு மிச்சம் இருபத்தெட்டு. முதல் பிள்ளை ஒரு வாரம் தள்ளிப்போகும், அப்படியானால் இன்னும் ஏழு அங்குலத்தை மடிக்க வேண்டும், மிச்சம் இருபத்தொன்று. பிரித்துவிட்டு மறுபடி மடிப்பேன். எப்படி மடித்தாலும் டேப் நீளவில்லை. சிங்காநல்லூரிலிருந்து வரும் ஒரு வாடிக்கைக்காரியின் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் இடது கையை வலப்பக்கமும் வலது கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன். பட்டில் ஊசி இறங்கிய இடம் மறைவதில்லை. துளைகளை நகத்தால் நீவிக்கொண்டே பிரித்தேன்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “ஏனுங்க்கா, ஆறு மாசம் குடுப்பாங்களே, எங்க நாத்தனா அமெரிக்கால ஆறு மாசம் இருந்துபோட்டுத்தான் வந்தாங்க,” என்றாள் அந்த வாடிக்கைக்காரி, கை மாறியது தெரியாமல். அமெரிக்கா வேறு ஜெர்மனி வேறு என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

என் வீட்டுக்காரர் கத்துகிறவர் அல்ல. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, கடைக்குப் போகாமல் என் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. புள்ள பொறந்தப்பறம் போ. பொறந்த சேதி வந்ததும் ப்ளைட் ஏறு. அப்ப நாப்பதுல முக்கால்வாசி கெடைச்சுபோகும். முன்னாடியே போயி உக்காந்தா அங்க சும்மா உக்காந்திருக்கற நாளும் கணக்குலதான ஓடும்?”

“வலி எடுக்கறப்ப?”

“மாப்ள இருக்காரு. ஆசுபத்திரி இருக்குது. நீ போயி என்ன பண்ணப்போற, அவங்க பாஷ தெரியுமா?”

கணக்குப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இரண்டு நாள் அதை மனதுக்குள் வைத்துப் புரட்டினேன். எனக்கும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. பச்சை உடம்புக்காரியை இருபத்தொரு நாளில் விட்டுவிட்டு வருவதற்கு, பிறந்த பிறகு போய் முக்கால்வாசியாவது கூட இருந்துவிட்டு வரலாம். நாற்பது நல்லபடியாக முடியும். வெள்ளிக்கிழமை மகளை போனில் கூப்பிட்டு, உன் அத்தா இப்படிச் சொல்கிறார், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அதை அணைத்துவிட்டு வந்தாள்.

“சரிம்மா,” என்றாள். அப்புறம், “நாப்பது நாளும் புள்ளையப் பாத்துக்கறதுக்கு எனக்குத் தெம்பு இருக்கும்மா. அதுக்கு முன்னாடிதான் எனக்குப் பயமா இருக்குது. போன வாட்டியும் நீ போன்லதான் இருந்த,” என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே நானும் வீட்டுக்காரரும் மறுபடி காந்திபுரம் போனோம். பன்னிரண்டு நாள் முன்னாலேயே போகிறேன், திரும்புவதை நாற்பதில் போடுங்கள் என்றேன்.

அந்தப் பெண் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதற்குள்ளும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். இறங்கும் தேதியோடு நாற்பதைக் கூட்டி நான் ஒரு தேதி சொன்னேன்.

“கூட்டுனா நாப்பத்தொண்ணு ஆயிருமுங்க. எறங்கற நாளும் ஒரு நாளு, ஏறுற நாளும் ஒரு நாளு. ரெண்டையும் சேத்திக் கணக்குப் பண்ணுவாங்க.”

டேப்பில் நாங்கள் பூஜ்யத்திலிருந்து அளக்கிறோம். அவர்கள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னாள். ஒரு விமானம் அங்கே ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு இறங்குகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்கும் முழுசாக ஒரு நாள் போய்விடும். காலையில் இறங்குவதைப் பாருங்கள் என்றாள். எங்களுக்குச் சூரியன் மறைந்து மஃரிபு ஆனதுமே மறுநாள் பிறந்துவிடும், அவர்களுக்கு நடு இரவில் பிறக்கிறது. எது எப்படியோ, கால் மணி நேரத்துக்கு ஒரு நாளைத் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. காலையில் இறங்குகிற விமானத்தையே எடுத்தேன்.

அங்கே இறங்கியதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஆள் முத்திரை குத்தினார். எனக்கு அந்தச் சத்தத்திலேயே ஒரு நாள் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. மகள் வெளியே நின்றிருந்தாள். முகம் வீங்கி, கால் வீங்கி, என் பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு. கட்டிப் பிடிக்கக்கூட வயிறு இடம் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொண்டோம்.

அவள் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. மறுநாள் காலையில் நான் முதல் வேலையாக அதில் ஒரு கோடு போட்டேன். அதற்கு அடுத்த நாளும் போட்டேன். அப்படிப் போடுவதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. சமைத்தேன், அவள் காலைப் பிடித்துவிட்டேன், பூண்டு உரித்தேன், பிள்ளைக்குச் சட்டை தைத்தேன். பதின்மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்கு விடியற்காலையிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பதினான்கு, பதினைந்து, பதினாறு. தினமும் காலையில் எழுந்து வந்து, “இன்னைக்கும் இல்லம்மா,” என்பாள், பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பிள்ளை மாதிரி. “வர்றப்ப வரட்டும் கண்ணு” என்று வாயால் சொல்வேன். சொல்லிவிட்டு காலண்டர் பக்கம் திரும்புவேன். மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். அன்னாசிப் பழம் வாங்கிவரச் சொன்னேன். அவள் வயிற்றைத் தடவி, “வா தங்கம், நன்னிக்கு நேரமில்ல, வெரசா வா,” என்று, ஏற்கெனவே பாட்டியாகிவிட்டவள் மாதிரி, பிள்ளையிடமே பேசினேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அதை அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

இருபதாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் மருமகன் சமையலறைக்கு வந்தார். நல்ல பையன், என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசக் கூச்சப்படுவார். குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

“மாமி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே.”

“சொல்லுங்க மாப்ள.”

“போன வாரம் ஆசுபத்திரில, ஊசி போட்டு சீக்கிரம் பொறக்க வெக்க முடியுமான்னு கேட்டா. டாக்டர் ஏன்னு கேட்டாங்க. எங்கம்மாவோட விசா முடியப்போகுதுன்னு சொல்றா. பிள்ளை நல்லா இருக்குது, அதுக்காக இப்பவே அவசரப்படுத்த வேண்டாம்னு அவங்க சொல்லிட்டாங்க. அன்னிக்கி வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்தா.” டம்ளரைக் கவிழ்த்தார். “அந்தக் காலண்டர்ல கோடு போடறத மட்டும் வேண்டாம் மாமி.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பயப்படாதே, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லத்தான் அத்தனை தூரம் போனேன். போய் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் புதிதாக ஒரு பயத்தைக் கொடுத்திருக்கிறேன். காலண்டரைக் கழற்றி என் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே போட்டேன். மகள் குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் துவட்டிவிடச் சொல்லி என்னிடம் துண்டை நீட்டினாள். அன்றைக்கு வெகுநேரம் துவட்டினேன். நாளைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் தெருவில் யார் யாருக்கு என்ன சண்டை என்று கதை சொன்னேன், அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து வலி எடுத்தது. இரண்டு பேர் கூட இருக்கலாம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். ஒரு பக்கம் மருமகன், ஒரு பக்கம் நான். அங்கிருந்தவர்கள் பேசிய ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. வலி எடுக்கும்போதெல்லாம் என் மகள் ஜெர்மனையும் இங்கிலீஷையும் விட்டுவிட்டு, “அம்மா, முடீலம்மா, என்னய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ,” என்று கத்தினாள். அங்கே அது எனக்கும் மருமகனுக்கும் மட்டும்தான் விளங்கியது. என் விரல்களை அவள் நெரித்த நெரிப்பில் மோதிர விரல் நீலமாகிவிட்டது. சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது மருமகனின் குரல் உடைந்தது. நான் சத்தமாகவே அழுதேன்.

எங்கள் நாற்பது அன்றைக்குத்தான் தொடங்கியது. என் பாஸ்போர்ட்டில் அது இருபத்திரண்டாம் நாள்.

மிச்சம் இருந்த நாட்களை எப்படிச் செலவழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிரசவ மருந்து கிண்டினேன், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன், மகளைத் தூங்கவிட்டு நான் தூங்காமல் இருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்ட மருமகனுக்கும் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் தண்ணீரெல்லாம் அவர் சட்டையில்தான் இருந்தது. நீட்டிக்கச் சொல்லி அவர் ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தார். உங்கள் மாமியார் பயணம் செய்ய முடியாத நிலையில் இருக்கிறாரா என்று கேட்டுப் பதில் வந்தது. இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்டது உடம்பை.

நாற்பதாம் நாள் காலையில் என் பெட்டி வாசலில் நின்றது. பிள்ளைக்கு அன்றைக்குப் பத்தொன்பது நாள். விமான நிலையம் வரை மருமகன் வருவதாக ஏற்பாடு. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். நான் மகளைப் படுக்கவைத்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டது. பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி, ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

“எங்க கெளம்பற?”

“ரயில் டேசன் வரைக்கும் வாரேன்.”

“நாப்பதுக்குள்ள வாசப்படி தாண்டக் கூடாது கண்ணு. புள்ளையத் தூக்கிட்டு வேற. இன்னும் இருபத்தொரு நாள் இருக்குது.”

“நீ போனதுக்கப்பறம் என்னயத் தாண்டாதன்னு சொல்றதுக்கு இந்த ஊட்ல யாரும்மா இருக்காங்க?”

அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டப் பார்த்தாள். தையல் போட்ட உடம்பு, குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் கயிற்றைக் கட்டிவிட்டேன். பிள்ளைக்குத் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டேன். மூன்று பேரும் படி இறங்கினோம்.

ஸ்டேஷன் பக்கம்தான், ஆனால் அவளால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. நான் சீக்கிரம் நடக்கச் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் மருமகன் பெட்டியோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் பெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் வர நான்கு நிமிடம் என்று பலகையில் ஓடியது. அதுவரைக்கும் பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று கையை நீட்டினேன்.